பகலில் இறக்கிய திரை

நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு மேலேயேதான் என் அறை. ஆனால் கடைக்குள்ளிருந்து மேலே போக வழி கிடையாது. தெருவுக்கு வந்து, சுவரில் திறந்திருக்கும் 'க்ளோஸ்' என்ற இருட்டுச் சந்தில் நுழைந்து, பின்பக்கம் வளைந்து போகும் கல்படிகளில் ஏறவேண்டும். ஸ்காட்லாந்தின் பழைய கடைத்தெருக் கட்டடங்கள் பலவும் இப்படித்தான். கூரையோரச் சுவர் இருபுறமும் படிக்கட்டுப் போல உச்சிக்கு ஏறுகிறது. அதில் காக்கை தவிர யாரும் ஏறுவதில்லை. வாசல் நிலைக்கல்லில் அந்தக் காலத்துக் கணவன் மனைவி இருவரின் பெயரெழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். செத்துத் தலைமுறைகள் ஆகியும் அவர்களுக்கு இங்கே விலாசம் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்த எனக்கு, படியேறி வந்து பேச ஒரு ஆள் இல்லை.

எங்கள் ஊர் செஞ்சியில் அத்தாவின் கடைக்கு ஓட்டுக்கூரை, முன்னால் வரிசையாகச் செருகும் பலகைகள். கட்டடக்கலை அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் பலகைகளைச் சாத்திவிட்டுத் தொழப் போவார். பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள், "பாய் தொழுவப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று காத்திருப்பார்கள்.

அந்தப் பழக்கத்தில், முதல் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாப்பாட்டு இடைவேளையில் தெருப்பக்க ஜன்னல் திரையை அடிவரை இறக்கிவிட்டுத் தொழுதேன். முடித்ததுமே கதவைத் தட்டினார்கள். பக்கத்து ரொட்டிக்கடை அம்மாள், கையில் கேக். பின்னால் செருப்புக்கடைக்காரர், தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி.

"இறந்தது யார்?" என்றார் அம்மாள்.

பகலில் திரை இறங்கினால் அது சாவு வீடு என்பது இந்த ஊர் வழக்கம். எனக்கு எங்கே தெரியும்? சிரித்துத் தொலைத்தேன். "யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் இப்படித்தான், தொழுகைக்காக" என்றேன். கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அத்தா இறந்த தந்தி வந்தது. அதற்குள் அங்கே அடக்கமே முடிந்திருந்தது. ஊரில் இருந்திருந்தால் கடைத்தெரு முழுக்கப் பலகை சாத்தியிருப்பார்கள். மேல்சித்தாமூரிலிருந்து அத்தாவின் வியாபாரக் கூட்டாளி நயினார் வந்து, "இன்னா தம்பி, பாய் இப்டி உட்டுட்டுப் பூட்டாரே" என்று என் கையைப் பிடித்திருப்பார். எனக்கு அழவேண்டும் போலிருந்தது. தனியாக அழப் பிடிக்கவில்லை. மதியம் திரையை இறக்கினேன். இந்த முறை தொழுகைக்காக அல்ல. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

க்ளோஸுக்குள் காலடிச் சத்தம் வந்தது. முதல் படியில் நின்றது. கல்சுவர்களுக்கிடையே ரொட்டிக்கடை அம்மாளின் குரல் தெளிவாக மேலே ஏறி வந்தது. செருப்புக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஒன்றுமில்லை, வாருங்கள், திரும்பிப் போகலாம். இன்று வெள்ளிக்கிழமை. அவர் தொழுகிறார், கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார்."