சூப்பரண்டின் ஏழு விதிகள்

அவர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. தெரு இன்னும் அவரைச் சூப்பரண்டு என்றுதான் கூப்பிடுகிறது. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் சொந்தமாக ஒரு கடிதம் எழுதியதில்லை. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். ஓய்வு பெற்ற மறுநாள், திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மனைவி அகப்பட்டார்.

அடுத்த வருஷம் மகள் ஒரு படுக்கை விரிப்பு வாங்கி வந்தாள். தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் குழி விழுந்த பருத்தித் துணி. சூப்பரண்டு ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஏழு விதிகள் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டார். மெஷினில் போடக் கூடாது. கொதிக்கும் நீரில் ஊறவைக்க வேண்டும். சொட்டு நீர் இல்லாமல் முறுக்கிப் பிழிய வேண்டும். கொடியில் இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் போகச் சூடாக இஸ்திரி போட வேண்டும். இப்படியே ஏழு. வாழ்நாளில் ஒரு கைக்குட்டை துவைத்திராத மனிதர் எழுதியவை என்பதால் விதிகளின் கம்பீரம் குறைந்துவிடவில்லை.

மூன்று வருஷம் மனைவி கையால் துவைத்தார். போன மாதம் வலது மணிக்கட்டு வீங்கியது. இனி ஈரத்துணி தூக்கினால் இந்தக் கை டம்ளர்கூடப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னங்க, இனிமே இதை மெஷின்ல போட்டுடறேன்."

"பூ மாதிரித் துணி. மெஷினுக்கு என்ன தெரியும்? பொம்பளைக் கைக்குன்னு ஒரு பதம் இருக்கு."

"அந்தப் பதம்தாங்க வீங்கியிருக்கு."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. மெதுவாப் பண்ணு."

பெண் கையில் மட்டும் அமைந்த அந்தப் பதம் எலும்பில் இருக்கிறதா நரம்பில் இருக்கிறதா என்று எந்த உடற்கூறு நூலும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் உலகத்தில் பாதிப்பேரை வாளி முன்னால் குந்த வைத்திருக்கிறார்கள்.

மனைவி குளியலறைக் கதவைப் பார்த்தார். "சரி, ஒரு தடவை நீங்களே துவைச்சுக் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கறேன்."

கற்றுக்கொடு என்றால் மறுக்கத் தெரியாதவர் சூப்பரண்டு. வேட்டியை மடித்துக் கட்டினார். ஏழு விதிகளையும் வரி பிசகாமல் நிறைவேற்றினார். மறுநாள் விரித்துப் பார்த்தால், விரிப்பு ஒரு பக்கம் நீண்டு தரையைக் கூட்டியது. தேன்கூடு இருந்த இடத்தில் தட்டையான தகரம் மாதிரி ஒரு துணி.

"துணியே மட்டம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

"மூணு வருஷமா மட்டமில்லையே."

"நீ விதிப்படி துவைச்ச. அதான் நின்னுச்சு."

"விதிப்படி நான் ஒரு நாளும் துவைச்சதில்லீங்க. பச்சைத் தண்ணி, துளி சோப்பு. பிழியாம, துண்டுல சுருட்டி அமுக்கினேன். மாடியில படுக்கப் போட்டுக் காயவச்சேன். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகலை."

"அப்போ கதவுல ஒட்டினது?"

"தினம் படிப்பேன். அதுக்கு நேர் எதிரா செஞ்சா போதும்னு தெரிஞ்சுது. ரொம்ப உபயோகம்."

மனைவி விரிப்பை வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீர், மென்மையான சுற்று என்று மெஷினை ஓடவிட்டார். வெளியே வந்தபோது துணி சுருங்கி, குழிகள் பெரும்பாலும் திரும்பியிருந்தன. சூப்பரண்டு அதை எடுக்கச் சொல்லிக் காத்திருந்தார்.

"ஈரத்துணி நான் தூக்கக் கூடாது," என்றார் மனைவி. "இனிமே நீங்கதான். தொங்க விடாதீங்க, இழுபடும். நான் முன்னாடி போய் இடம் காட்டறேன்."

கனத்த விரிப்பைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினார். எதிரே மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"என்ன சூப்பரண்டு சார், துணி காயப்போடப் போறீங்களா?"

"சேச்சே," என்றார், முதுகில் தண்ணீர் வழிய. "மேற்பார்வை."