மூச்சு விடாத குலவை

கோவில்பட்டியில் நான் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் மைக்செட்டுக்காரர்கள் போடுவதற்காகக் குலவைச் சத்தம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஓர் அக்கா வந்தார். முன்பல் கொஞ்சம் எடுப்பு. குலவை இடும்போதும் சிரிக்கும்போதும் புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

மூச்சு முட்டும்வரை குலவை இட்டு, நிறுத்தி, ஒரு சிரிப்பு சிரித்தார். அந்த மூச்சையும் சிரிப்பையும் நான் கம்ப்யூட்டரில் வெட்டி எறிந்தேன். முடிவின் மேல் தொடக்கத்தை இழைத்து, நிற்காமல் சுற்றி ஓடும் லூப்பாக்கினேன். இணைத்த இடம் யார் காதுக்கும் தட்டுப்படாது. அதில் எனக்கு அத்தனை பெருமை. சிடி ஊரெல்லாம் போனது.

மறுவருஷம் அந்த அக்கா வந்தபோது நெற்றியில் பொட்டில்லை.

"தம்பி, எங்க வீட்ல அவியளச் சுடுகாட்டுக்குத் தூக்குற நேரத்துல, பக்கத்து மண்டபத்துல என் குலவை ஓடுது. சொந்தக்காரவிய எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காவ. வெக்கத்துல எனக்கு அழக்கூட வரல."

"மண்டபத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா."

"எப்படித் தெரியும்? நானே அங்கன நின்னு குலவை போட்டிருந்தா, மூச்சு வாங்க நிப்பாட்டியிருப்பேம்லா. சாவு மேளம் மண்டபத்துல உள்ளவியளுக்குக் கேட்டிருக்கும்."

அக்கா கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அத அழிச்சிர முடியுமா தம்பி?"

"எல்லார்ட்டயும் போயிருச்சேக்கா."

புறங்கையால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இன்றும் ஏதாவது கல்யாணப் பந்தியில் அந்தக் குலவை ஒலிக்கிறது. இணைத்த இடம் எனக்கே தெரிவதில்லை. அது நிற்கும்வரை இலையை விட்டுத் தலை நிமிர்த்த முடிவதில்லை.