தனிஸ்லாஸ் மனு

ஒத்தக்கடையிலிருந்து தினமும் காலை எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து மதுரைக் கோர்ட்டுக்கு வரும் வக்கீல் குமாஸ்தா தனிஸ்லாஸ், தன் வாழ்நாளில் ஒரு கேஸ்கட்டைக்கூடத் தொலைத்தவர் இல்லை. ஆனால் கோர்ட்டு ரிக்கார்டுப்படி 1981 வரைக்கும் முப்பத்துநாலு கட்டுகளைத் தொலைத்திருந்தார்.

விஷயம் இதுதான். கெடு தவறிப்போன கேஸை மறுபடி எடுக்க வேண்டுமென்றால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். புழக்கத்தில் இருந்த காரணங்கள் இரண்டே இரண்டு. கட்சிக்காரர் மஞ்சள் காமாலை கண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்பது ஒன்று. வக்கீலின் குமாஸ்தா கட்டைக் கைமறதியாக எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டார் என்பது மற்றது. முதலாவதைக் கோர்ட்டு வராந்தாவில் காமாலை மனு என்பார்கள். இரண்டாவதற்குத் தனிஸ்லாஸ் மனு என்று பெயர். மற்ற குமாஸ்தாக்கள் பழியை ஏற்க முகம் சுளிப்பார்கள். இவரோ தன் தப்பைத் தானே டைப் அடித்து, எழுத்துப்பிழை திருத்தி, கீழே முத்து முத்தாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்.

அந்தப் பேர் கோர்ட்டுக்குள்ளேயே நிற்கவில்லை. வாசலில் டீக்கடை வைத்திருந்த மொக்கைச்சாமி கிளாஸைக் கீழே போட்டு உடைத்தால், "தனிஸ்லாஸ் ஒடச்சிட்டாரு" என்பான். அவர் அங்கேயே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார், சேர்ந்து சிரிக்கவும் செய்வார். அவர் மனைவி பாக்கியமேரி மட்டும் சிரிக்கமாட்டாள். ஊர் உலகத்தில் ஒருத்தன் பேரை இப்படியா இழுப்பார்கள் என்று அவளுக்கு ஆத்திரம். கதை சொல்கிற எனக்கும்தான்.

"பேப்பர்லதானே மேரி. ஜட்ஜுக்குத் தெரியும், எதிர் வக்கீலுக்குத் தெரியும். யாரு நம்பப் போறா?" என்பார் தனிஸ்லாஸ்.

அந்த வருஷம் கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சோலையம்மாளின் கேஸ் தனிஸ்லாஸின் வக்கீலிடம் வந்தது. புருஷன் செத்துப்போனவள். கிணற்றோடு சேர்ந்த ஒன்றேமுக்கால் ஏக்கர்தான் அவளுக்கு எல்லாம். அதைப் புருஷன் சாகுமுன் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்று பங்காளி மலையாண்டி வழக்குப் போட்டிருந்தான். விசாரணைக்கு முந்தின நாளே கட்டை வக்கீல் மேஜைமேல் வைத்து, தனிஸ்லாஸ் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். வக்கீல் காரைக்குடியில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இந்தப் பக்கம் ஆள் இல்லையென்று தீர்ப்பு மலையாண்டிக்குப் போனது. "பாத்துக்கலாம்யா" என்று வக்கீல் நாலு மாதம் ஓட்டினார். மலையாண்டி ஏர் பூட்டப்போகிறான் என்று தெரிந்த பிறகுதான் தனிஸ்லாஸ் மனு டைப்பானது.

மலையாண்டிக்கு வாதாட வந்தவர் ஊருக்குப் புதிது. இந்த வேடிக்கையெல்லாம் அவருக்குத் தெரியாது. குமாஸ்தாவைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். ஜட்ஜும் சரியென்றுவிட்டார்.

தனிஸ்லாஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் சோலையம்மாளின் நிலம் போய்விடும். பொய்யைச் சொல்வதென்றால் கடவுள் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

"கையெழுத்துப் போடுறப்ப இல்லாத பாவம், வாயத் தொறந்தா மட்டும் வந்துருமாக்கும்?" என்றாள் பாக்கியமேரி. கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

மறுநாள் கூண்டில் நின்று சத்தியம் செய்தார். கட்டு பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, நாலு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது என்றார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் எதிர் வக்கீல்.

"இருவத்திரெண்டு வருசம்."

"இதுக்கு முன்னாடியும் தொலைச்சிருக்கீங்களா?"

தனிஸ்லாஸ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் பழைய மனுக்களை எடுத்து நீட்டிவிடுவார்கள். "முப்பத்துநாலு" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் ஜனங்கள் காகிதங்களைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்களே என்று வருத்தப்பட்டார். குமாஸ்தாவின் தப்புக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று மனுவை அனுமதித்தார்.

யாரும் நம்பப் போவதில்லை என்றல்லவா தனிஸ்லாஸ் நினைத்திருந்தார்? பின் வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு சோலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை விடாமல் நம்பிவிட்டாள். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அவரை மறித்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா! எம் புருசன் வெட்டுன கெணறுய்யா அது. ஒன்னைய நம்பித்தானே அம்புட்டுக் காயிதத்தையும் கையில குடுத்துட்டுப் போனேன்? நாலு மாசமா எனக்கு ஒறக்கம் இல்லையே! நீ நல்லா இருப்பியா?"

தனிஸ்லாஸ் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விடும்மா, மனுசன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான்" என்றார். அவள் விட்ட சாபத்தை விட அந்தப் பெருந்தன்மைதான் தனிஸ்லாஸின் வயிற்றை எரித்தது. கேஸ் இன்னும் முடியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"தப்புத்தான் தாயி. இனிமே பத்திரமா பாத்துக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு சோலையம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர் கையில் கொடுக்கவில்லை. ஆனால் அவள் முதல் நாள் கொடுத்த கட்டை அவர் தாள் தாளாகப் புரட்டினார். அதற்குள் பெரியாஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. மலையாண்டிக்கு நிலத்தை எழுதிக்கொடுத்து ஊரில் வைத்துக் கைநாட்டுப் போட்டதாகச் சொன்ன தேதியில், அவள் புருஷன் மதுரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்திருக்கிறான். அந்தச் சீட்டை வைத்துத்தான் 84இல் வக்கீல் கேஸை ஜெயித்தார்.

தீர்ப்பு வந்த வாரம் ஒரு பை நிலக்கடலையோடு சோலையம்மாள் வக்கீல் ஆபீசுக்கு வந்தாள். வக்கீல் காலில் விழுந்து எழுந்தாள். தனிஸ்லாஸ் மூலையில் உட்கார்ந்து கட்டுகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் குரலைத் தணித்தாள். அப்படியும் அவருக்குக் கேட்டது.

"அய்யா, ஒங்களுக்கு எரக்க மனசு. அதுக்காக இந்த ஆள இன்னமும் வேலைக்கு வச்சிருக்கீகளே. என்னையமாரி இன்னொரு குடும்பம் கெட்டுப்போயிருமேய்யா."

"என்னம்மா செய்றது? புள்ளகுட்டிக்காரன்" என்றார் வக்கீல்.