அம்மை வீட்டில் கடுகு

என் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கன்னடத்துப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். எனக்கு ஓரகத்தி. சூளகிரிக்கு மேற்கே எங்கள் ஊரில் அதற்கு முன் நாலு வருஷம் அந்த வீட்டுக்கு ராகிக் களி கிண்டிப் போட்டவள் நான். அவள் வந்த வாரமே அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. அவள் கிண்டினால் ஒரு கட்டி விழாது. மாமனார் முதல் வாய் போட்டதுமே, "இது சின்னவ கை" என்பார். நான் கிண்டிய நாளில் ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போவார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் பூசி மெழுகத் தெரியாது. பொறாமைதான். அவள் சிரிப்பு, அவள் கொச்சைத் தமிழ், அதைக் கேட்டு மாமியார் சிரிப்பது, எல்லாமே ஆகவில்லை எனக்கு.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு கோடையில் அவளுக்குப் பெரியம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற வாசனை பட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பார்கள். தாளிக்காத பருப்பும் களியும்தான் எல்லோருக்கும்.

அந்த நாட்களில் அடுப்படி திரும்ப என்னுடையது. மாமனார் ஒருநாள் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முத்துகள் இறங்கத் தொடங்கியதும், "வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்திடலாம்" என்றார் மாமியார். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றினால் சனிக்கிழமை அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இன்னும் பத்து நாள் படுத்திருக்கட்டும் என்று நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. பத்து நாள்தான்.

புதன்கிழமை பகலில் மாமியார் கோயிலுக்குப் போனார். ஆம்பளைகள் காட்டு வேலையில். நான் எண்ணெயைக் காயவைத்து ஒரு பிடி கடுகு, நாலு மிளகாய், வெங்காயம் போட்டேன். சடசடவென்று வெடித்தது. கொள்ளுக் கடைசலில் கொட்டினேன். பிறகு பயம் வந்து அத்தனையையும் குப்பைக்குழியில் ஊற்றி மண் தள்ளினேன். திரும்பி வந்த மாமியார் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தெருவில் போய் நின்றார். "எவடி அவ, அம்மை வூட்டுக்குப் பக்கத்துல தாளிக்கிறவ? நாக்கு அழுகிப் போவ!" பக்கத்து வீட்டுக்காரி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். நான் வேப்பிலையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளுக்கு இடது கண் சிவந்து வீங்கியது. தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் பூ விழுந்திருந்தது. அந்தக் கண் போய்விட்டது.

"என் பாவம்தான் அத்தை. யாரையும் பேசாதீங்க" என்று மாமியாரிடம் சொன்னாள். என்ன பாவம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் மாமியார் அவளுக்குத் தன் கையால் ஊட்டினார். ஊரே அவளைத் தங்கம் என்றது. செய்தவளுக்குத் திரும்பும் என்பார்களே என்று நான் தினமும் என் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் ராகிக் கதிர் அறுக்கையில் அவளிடம், "அன்னிக்குத் தாளிச்சது நான்" என்றேன்.

அவள் அரிவாளை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. நம்ம அடுப்பு வாசன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா உன் பாவம்னு சொன்ன?"

"பதினஞ்சு நாளா உப்புச்சப்பில்லாம தின்ன நாக்கு. அந்த வாசன வந்ததும் எச்சி ஊறிப்போச்சி. ஒரு வாய் குடுப்பாங்களான்னு ஏங்கினேன். ஆத்தா மேல இருக்கும்போது ஏங்கலாமா? அதான் கண்ணை எடுத்துக்கிட்டா." பிறகு என் கையைப் பிடித்தாள். "வெளியே சொல்லிடாதீங்க. வாய்ருசிக்காரின்னு சிரிப்பாங்க."

சொல்லவில்லை. மன்னித்தாளா என்று கேட்க அவள் இடமே வைக்கவில்லை. களியை எடுத்துக்கொண்டாள், மாமனாரை எடுத்துக்கொண்டாள், கடைசியில் நான் செய்த பாவத்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டாள். இப்போது அவள் இல்லை. அங்கே போயும் அதைத் தன்னுடையது என்றே சொல்லியிருப்பாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் வாசனைக்கு ஏங்கினாள், அவ்வளவுதான். கடுகைப் போட்ட கை என்னுடையது.