நீல பெயிண்டுக்குள் போன எண்

பதினைந்து வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடல் காற்றில் பானட்டுக்குள் இன்ஜினைச் சுற்றியிருந்த தகடெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, வாரம் இரண்டு நாள் என்னைப் பெற்ற உம்மாவை உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது நான்தானே. துருவைப் பார்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி வண்டியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதென்று நானே பெயிண்ட் அடிக்க இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் தொட்டுப் பிசுக்கைத் துடைத்தேன். வயர்களைப் பாலிதீன் பையால் சுற்றினேன். எந்த டியூபை எங்கிருந்து பிடுங்கினேன் என்று போனில் படம் எடுத்து வைத்திருந்தும், படத்தைப் பார்த்தால் இன்னும் குழம்பியது. கடைசியில் இரண்டு கிளிப்புகள் மிஞ்சின. அவை எங்கே இருந்தவை என்று இன்றுவரை தெரியாது.

என் தம்பி கடலுக்குப் போகிறவன். படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டையும் ஓட்டை அடைக்கும் பட்டியையும் கொடுத்தான். "குழியைக் கண்டா விட்டுறாதக்கா. உப்பு உள்ள போயிரும். நல்லாத் தேச்சு, பட்டி வச்சு அடைச்சிரு" என்றான்.

இன்ஜினுக்குப் பின்னாலிருந்த தகட்டில், துருவுக்கடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். உப்பு எவ்வளவு ஒழுங்காக அரித்திருக்கிறது என்று நினைத்தேனே தவிர, என் மரமண்டைக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உப்புத்தாளால் மூச்சு வாங்கத் தேய்த்து, பட்டி பூசி, இரண்டு கோட் நீலம் அடித்தேன்.

புதுப்பிக்கப் போன அன்று அதிகாரி பானட்டைத் திறந்தார். கையில் வெள்ளைத் தாளும் பென்சிலும் இருந்தன. வண்டியின் அடையாளமாகத் தகட்டில் குழியாக அடித்திருக்கும் சேஸ் நம்பரைப் படி எடுக்க வேண்டும், அது எங்கே என்றார். எனக்கு அவர் கேட்பதே விளங்கவில்லை. நீலத்தை விரலால் தடவிப் பார்த்தவர், "எதுக்கும்மா நம்பரை மறைச்சீங்க?" என்று கேட்டார். திருட்டு வண்டி என்று நினைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்குரூடிரைவரால் நானே சுரண்டினேன். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசி எண் மட்டும் நான் தேய்த்த தேய்ப்பில் போயிருந்தது. அதிகாரி தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோதும் அது பாதிதான் விழுந்தது. வாசிக்கச் சொன்னார். ஆர்.சி.யைப் பார்த்து எட்டு என்றேன். அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இப்போது வாசியுங்கள் என்றார். மூன்று மாதிரியும் இருந்தது, எட்டு மாதிரியும் இருந்தது.

"தெரியலை சார்" என்றேன்.

எண்ணைத் திரும்ப அடிக்கத் தனி உத்தரவு வேண்டும், அதுவரை வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை உம்மாவைப் பஸ்ஸில் ஏற்றினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்த உம்மா, "நீ அடிச்ச நீலம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.