ஒட்டிக்கொண்ட இரண்டு பெயர்கள்

புருலாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்க முடியாது. பிஷ்கெக்கில் ஆறு வருடம் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதே இதற்காக இரண்டு தடவை விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டு, கம்பளக் கடைக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் இருந்த ஒன்பது பேர் கம்பெனியில் சேர்ந்தாள். ஏரிக்கரைக் கூடார முகாம்களில் இடம் பதிவு செய்யும் தளம்தான் அவர்களுடைய பிழைப்பு.

ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை. முகாம் நடத்தும் தாம்கான் எஜே போனில் கத்தினாள். அங்கே அக்காவை எஜே என்பார்கள்.

"பதிவு பண்ற பொத்தானைக் காணோம்டி! பெருசா பச்சையா இருக்குமே, அது எங்க போச்சு?"

பொத்தான் எங்கும் போகவில்லை. அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தாகக் கிடந்தது. புருலாய் தளத்தின் கோப்புக்குள் போய்ப் பார்த்தாள். திரையில் தெரியும் ஒவ்வொரு துண்டுக்கும் சில பெயர்கள் உண்டு. இந்தப் பெயர் இருந்தால் பச்சை, அந்தப் பெயர் இருந்தால் பெரிசு என்று நடைதாள் என்ற அலங்காரக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். 'பொத்தான்' என்றும் 'பெரியது' என்றும் இரண்டு பெயர் வரவேண்டிய இடத்தில், நடுவில் இடைவெளி விட மறந்து, இரண்டும் ஒட்டி 'பொத்தான்பெரியது' என்று ஒரே பெயராகிவிட்டது. அப்படி ஒரு பெயரை நடைதாள் கேள்விப்பட்டதே இல்லை. அம்மணமாக நிறுத்திவிட்டது.

இடைவெளியைப் போட்டாள். பச்சை திரும்பி வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்துக் கோப்பைத் திறந்தாள். அங்கே ஒருவர் கூட்டல் குறி போட்டுப் பெயர்களை ஒட்டியிருந்தார். அடுத்ததில், இதுவா அதுவா என்று கேட்கும் கேள்விக்குறிக்குள் இன்னொரு கேள்விக்குறி. இன்னொன்றில், எழுதினவருக்கே மறந்துபோயிருக்கும், ஒரு பொத்தான் மூன்று வருடமாக, பெயர் கிடைக்காதபோது கணினி தானே போடும் 'வரையறுக்கப்படாதது' என்ற பெயரோடு வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் அவளுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது.

"என்ன, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் எதிர் மேஜை ஜமீர்பெக். அந்தத் தளத்தின் பாதியை எழுதியவன் அவன்தான். வயதில் மூத்தவன் என்பதால் எல்லோருக்கும் பைகே, அதாவது அண்ணன்.

"பைகே, இந்தப் பெயர் ஒட்டுற வேலைய நாம நானூத்திப் பன்னெண்டு இடத்துல பண்றோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி!"

"ஓடுதுல்ல? விடு."

விடவில்லை. மத்தியானத்துக்குள் பதினொரு வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். துண்டின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். இது தேர்வானதா, நிரம்பியதா என்பதை ஆம், இல்லை என்று கொடுத்தால், வேண்டியதை மட்டும் எடுத்து, வெறுமையைத் தள்ளி, இடைவெளியைத் தானே போட்டுக் கொடுக்கும். அதற்குக் 'கிய்' என்று பெயர் வைத்தாள். கிர்கிஸ் மொழியில் 'உடுத்திக்கோ' என்று அர்த்தம்.

"பதினோரு வரிய நம்பி நானூறு இடத்துல கை வைக்கப் போறியா?" என்றான் ஜமீர்பெக். "திரையில ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாத்தையும் பழையபடி வச்சிரணும். சொல்லிட்டேன்."

"நகராது பைகே!"

மூன்று நாள் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்பது வரி இருந்த இடத்தில் ஒரு வரி. அழிக்க அழிக்க இன்னும் அழிக்கவேண்டும் போல இருந்தது. சம்சாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் அழித்தாள். நூறு இடம் முடியும்போதெல்லாம் "ஊய்!" என்று கத்துவாள், கீழே கம்பளக் கடைக்காரர் தடியால் கூரையைத் தட்டுவார்.

வியாழக்கிழமை, அதுவரை செய்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை எல்லோரும் கூடி நின்று ஒப்பிட்டார்கள். இருநூற்று எட்டுப் படங்கள் அச்சு அசலாக இருந்தன. ஒன்று மட்டும் வேறு. தாம்கான் எஜேயின் முகாமில், இடம் நிரம்பிய கூடாரம் சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாமல் கிடந்தது.

"நகர்ந்துச்சா? நான் அப்பவே சொன்னேன்ல!" ஜமீர்பெக் கையைத் தட்டினான்.

புருலாய் பழைய வரியைத் தேடி எடுத்தாள். பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பைகே, சாம்பல் நிறம்தான் சரி. 'அகலம்', 'நிரம்பியது' ரெண்டும் இங்கயும் ஒட்டிக்கிச்சு. நிரம்பின கூடாரம் ஒரு நாளும் நிரம்பினதா காட்டவே இல்ல. எழுதினது..."

"நான்தான்," என்றான் ஜமீர்பெக். காது சிவந்துவிட்டது.

முதலாளி குல்சைரா எஜே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கூடாரத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கிறீர்கள் என்று தாம்கான் எஜே இரண்டு வருடமாகப் புலம்பியிருக்கிறாள். உங்களுக்குத்தான் கணினி பிடிபடவில்லை என்று இவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க குல்சைராவே போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"தப்பு எங்க மேலதான் எஜே. மன்னிச்சிருங்க."

"அப்படிச் சொல்லு! போன ஆகஸ்ட்ல ஓஷ் ஊர்க்காரங்களும் அல்மாட்டி ஊர்க்காரங்களும் ஒரே கூடாரத்துக்கு வந்து நின்னாங்க. கொட்டுற மழை. வேற இடமே இல்ல. முதல் நாள் நடுவுல கம்பளத்தக் கட்டித் தொங்கவிட்டுச் சண்டை. நாலாம் நாள் கம்பளத்தையே காணோம்!"

"அய்யோ..."

"என்னடி அய்யோ? ஓஷ் பொண்ணுக்கும் அல்மாட்டிப் பையனுக்கும் ஜூன்ல கல்யாணம். இங்கயேதான், ஏரிக்கரையில! அந்தத் தப்பப் பண்ணவன் யாரு? அவனையும் கூட்டிட்டு வாங்க!"

மொத்த அலுவலகமும் வெடித்தது. புருலாய் மேஜைக்கு அடியிலேயே போய்விட்டாள். மூச்சுவிட முடியாமல் தரையைத் தட்டினாள். குல்சைரா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "புதுச் சட்டை எடுத்துக்கோ ஜமீர்பெக், சம்பந்தி வீட்டுக்காரனாயிட்ட," என்றாள். அவன் முறைத்துப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை, தோள் குலுங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் இன்னும் முப்பது இடம் பாக்கி இருந்தது. ஜமீர்பெக் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தக் கிய்ய எப்படிக் கூப்பிடணும்னு காட்டு. மிச்சத்த நான் பண்றேன்."

காட்டினாள். முதல் கோப்பில் பன்னிரண்டு வரியை அழித்து ஒரு வரி எழுதினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி மெதுவாக, "ஊய்," என்றான்.