எதிரிக்கு ஒரு கூடை மண்

"நாளைக்கு எங்க ஊர்ல ராஜா சாவறாரு மேடம். லீவு வேணும்" என்று முனிரத்னா கேட்டபோது, யாரோ ஊர்ப் பெரியவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு அவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று விசாரித்தேன். ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். அவள் என் லைனில் வேலை செய்பவள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் அதே ராஜாவுக்காக லீவு கேட்டு வந்தார்கள். நாள் குறித்துச் சாகிற மனிதரை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. சகோதரர்கள் நாட்டுக்காக அடித்துக்கொண்டு மாண்ட அந்தப் பெரிய இதிகாசத்தைத்தான் கெலமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள அவர்கள் ஊரில் பல நாளாகக் கூத்தாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாளில் நூறு பேரில் மூத்தவன் தொடை பிளந்து சாவான். அவனை மண்ணால் ஒரு லாரி நீளத்துக்குச் செய்து தரையில் கிடத்துவார்களாம். ஊர்ப் பெண்களெல்லாம் சுற்றி நின்று அழுவார்களாம்.

அது நானும் மூன்று வருஷமாக வாடகைக்கு இருக்கிற ஊர்தான். எப்போதாவது ஒருமுறை நடக்கிற கூத்து என்பதால், இரவில் கேட்ட மேளத்தை ஏதோ திருவிழா என்று நினைத்திருந்தேன். "அவன் கெட்டவன் எண்டுதானே கதை? பிறகேன் அழுறியள்?" என்று கேட்டேன். என் இலங்கைத் தமிழைக் கேட்டு வழக்கம்போல் ஒருமுறை சிரித்துவிட்டு முனிரத்னா சொன்னாள்: "கெட்டவந்தான். அதுக்குன்னு? நம்ம ஊட்டு மண்ணுலதானே செஞ்சிருக்குது." வீட்டுக்கு ஒரு கூடை மண் போகவேண்டும் என்பது அங்கே முறை. என் வாசலுக்கு ஒருவரும் கூடையோடு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வன்னியில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் ஒரு பழைய காவியக் கதை வரலாற்றுப் பாடமாக இருந்தது. அதில் கடல் கடந்து வந்து ஆண்ட தமிழ் அரசனை நாட்டின் வீரன் யானைமேல் எதிர்த்து வீழ்த்துவான்; நாடு ஒன்றாகும். நாடு எப்படி ஒன்றானது என்பதற்கு ஐந்து வரியில் விடை எழுதினால் முழுப் புள்ளி. எழுதி வாங்கியுமிருக்கிறேன். விடையில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை. எங்கள் ஆசிரியை மட்டும் ஓரிடத்தில் நிறுத்தி நிதானமாக வாசிப்பார்: தோற்றவனின் சமாதியைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தவேண்டும் என்று வென்றவனே கட்டளையிட்ட இடம் அது. கதையில் எங்களுக்கென்று கிடைத்தது அந்த அமைதி ஒன்றுதான்.

இங்கு வந்த பிறகு வேறொரு காவியம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் இலங்கை என்று தெரிந்ததும், உங்கள் ராஜாவைப்போல் பத்துத் தலை இருந்தால் பத்து மெஷினை ஒருத்தியே பார்க்கலாமே என்று கேன்டீனில் பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். அங்கே நான் வெளியிலிருந்து வந்த எதிரி, இங்கே எதிரியின் ஊர்க்காரி! கூத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆவலோடு, முனிரத்னா லீவு கேட்ட அன்று மாலையே போனேன். ராஜா தமிழில் அதட்டினார். கட்டியக்காரன் கன்னடத்தில் பதில் சொன்னான். என் பக்கத்தில் இருந்த பெண்கள் தெலுங்கில் ராஜாவைத் திட்டினார்கள். மாநில எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, இந்தக் கதை எந்த மொழிக்காரருடையது என்று ஒருவரும் அங்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை நானும் லீவு போட்டேன். வாசலில் வெட்டிய மண்ணைக் கூடையில் எடுத்துக்கொண்டு முனிரத்னாவுடன் களத்துக்குப் போனேன். உருவத்துக்கு முகம் மட்டும்தான் பாக்கி. கூத்தை நடத்தும் கிருஷ்ணப்பா என்ற பெரியவர் கூடையைப் பார்த்துவிட்டு, வாடகைக்கு இருப்பவர்களிடம் மண் வாங்குகிற வழக்கமில்லை என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் வலித்தது. அக்கா நம்ம ஊரு தண்ணியைத்தானே குடிக்குது என்று முனிரத்னா மல்லுக்கட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மண்ணு குடுத்தவங்க அழுவணும்மா. வேடிக்க பாக்கக் கூடாது. அழுவியா?"

அழுவன் என்றேன். கூடையை வாங்கி, அந்த மண்ணை முகத்தில் அப்பினார்.

சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. யுத்தத்தில் என் அண்ணன் செத்தபோது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் யாருக்காக என்று ராணுவத்தார் கேட்பார்கள். பதில் சொன்னால் எதிரியின் வீடு என்றாகிவிடும். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவள் ஒரு மண் பொம்மைக்காக ஊர் நடுவில் எப்படி அழுவது?

தொடையில் கதாயுதம் விழுந்தது, சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. தாயாக வேடம் கட்டியவர் முறத்தால் தன்னை அடித்துக்கொண்டு, மகனே என்று ஒப்பாரியைத் தொடங்கினார். மேளம் நிற்கவில்லை, இன்னும் உரத்தது. சுற்றி நின்றவர்கள் அவன் செய்த அநியாயங்களையும் சொல்லிச் சொல்லியே அழுதார்கள். நான் வாயைத் திறந்தேன், அண்ணா என்று வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒவ்வொருத்தியும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தாள். ஆசிரியை நிதானமாக வாசித்த அந்த அமைதியைவிட இந்தச் சத்தம்தான் மரியாதை என்று எனக்குப் பட்டது.

முடிந்ததும் உருவத்தைப் பிட்டு ஆளுக்கொரு பிடி எடுத்தார்கள். தானியப் பானையில் போட்டால் குறையாது, நிலத்தில் தூவினால் விளையும் என்பது நம்பிக்கை. என் பிடியில் பாதி இப்போது அரிசி டின்னுக்குள் இருக்கிறது. "மீதிய நெலத்துல போட்டுட்டீங்களாக்கா?" என்று போன வாரம் முனிரத்னா கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அது அம்மாவின் பழைய சேலைத் துண்டில் முடிந்து பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணன் கடைசியாக உழுத வயல் வன்னியில் இப்போது யார் கையில் என்று எனக்குத் தெரியாது. விமானத்தில் மண் கொண்டுபோக விடுவார்களா என்றும் தெரியவில்லை.